வாயறிந்து ஊட்டிய வரலாறு



மன்னார்க் குடாக்கடலின் முத்துப்பார்களைப் பற்றிக் கேள்விப்படாதார் நம்முள் இலர். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் மணல்வெளியிலே ஓலைக்கொட்டில்கள் ஒரு நகரம்போல் எழுந்ததையும், குளிகாரரும் வணிகரும் ஆயிரக்கணக்கில் வந்து கூடியதையும் முதியோர் வாய்மொழியாக நாம் கேட்டிருக்கிறோம். ஆயினும் அந்தப் பார்கள் சொல்லாமற் கொள்ளாமல் வெறுமையாகிக் கிடந்த ஆண்டுகளே மிகுதி என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1891ஆம் ஆண்டுக் குளிப்பின் பின்னர் 1903 வரை அங்கே முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. காரணம் யாதெனக் கண்டறியுமாறு அழைக்கப்பட்டு, 1902ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இங்கு வந்திறங்கினார் லிவர்ப்பூல் நகரத்துப் பேராசிரியர் வில்லியம் ஹேட்மன். அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்ணல். அவர்களுடைய ஆராய்ச்சி முடிபுகளை இலண்டன் றோயல் சங்கம் 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது.

அந்த அறிக்கையிலே 'பெரிய பார்' என்னும் ஒரு பாரைப் பற்றிய செய்தி கருத்தைக் கவர்வது. அப்பாரிலே இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் வந்து கோடிக்கணக்கிற் படியும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் கழிந்ததும் பார்த்தால் ஒன்றும் இராது. எனவே இளஞ்சிப்பிகளை அங்கிருந்து பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து வைக்கவேண்டும் என்று ஹேட்மன் எடுத்துரைத்தார். அது நல்ல அறிவுரைதான். ஆனால் சிப்பியின் வாழ்விலே பாரிற் படிவதற்கு முந்திய கட்டம் ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வெளிப்பட்ட குடம்பி, மூன்று வாரங்களுக்கு மேலாகக் கடலின் மேல்நீரிலே மிதந்து திரிகின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பருவத்தில் அதுவும் விலங்குப் பிளாந்தனுள் ஒன்றே. அப்போது அது எதைத் தின்கிறது? இக்கேள்விக்கு விடை காணத்தக்க கருவியும் முறையும் அன்று எவர் கையிலும் இருக்கவில்லை.

ஹேட்மன் தமது நாட்டிலே, மான் தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள போட் எரின் என்னும் சிற்றூரில், 1892ஆம் ஆண்டு ஒரு கடலுயிரியல் நிலையத்தை நிறுவியிருந்தார். அவர் மன்னாரிலே கேட்காது விட்ட கேள்விக்கு, அவர் நிறுவிய அந்நிலையத்திலிருந்தே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு விடை வந்தது. அந்த விடையின் வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்கிரோன். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய எழுபது மைக்கிரோன். இனி நாம் பேசப்போகும் பாசிகள் ஒருகலத்தாலானவை. அவற்றுட் சில இரண்டு மைக்கிரோன், சில ஐந்து, சில பத்து, சில ஐம்பதுக்கும் மேல். கேட்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டு மைக்கிரோன் விட்டமுள்ள ஒரு கோளத்தையும் பத்து மைக்கிரோன் விட்டமுள்ள ஒரு கோளத்தையும் கனவளவில் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னது முன்னதைப்போல நூற்றிருபத்தைந்து மடங்கு. ஒரு கலத்தைப் பிடிப்பதற்குக் குடம்பி செலவிடும் முயற்சி ஒரே அளவினதாயின், சிறியதைத் தின்னும் குடம்பி அதே வயிற்றை நிரப்ப நூற்றிருபத்தைந்து முறை முயலவேண்டும். பெரியதோ வாய்க்குள் நுழையாது போகலாம். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே கிடப்பதுதான் அதன் உணவு. பிள்ளைக்குச் சோறூட்டும் தாய் கவளத்தின் அளவை எவரிடமும் கேட்டறிவதில்லை. கடற்குடம்பிக்கு ஊட்ட முயன்ற மனிதனுக்கோ அது தெரியவர அரை நூற்றாண்டு பிடித்தது.

பிடித்ததற்குக் காரணம் வலை. கடலில் மிதந்து வாழும் உயிர்களுக்குப் 'பிளாந்தன்' என்ற பெயரை 1887இல் வழங்கியவர் கீல் நகரத்துப் பேராசிரியர் விக்டர் ஹென்சன். அவரும் அவர் வழிவந்தோரும் மாவாலைகளில் மாச் சலிக்கப் பயன்படும் பட்டுத்துணியினால் வலை தைத்து அவ்வுயிர்களைப் பிடித்தார்கள். வலையில் அகப்பட்டதே கடலின் விளைச்சல் என்று கணக்கும் போட்டார்கள். ஆனால் அத்துணியின் கண்கள் மிக நுண்ணியனவாயிருந்தும் ஐம்பது மைக்கிரோனுக்குக் குறைந்த உயிர்களுட் பெரும்பாலானவை அவற்றினூடாக நழுவி ஓடிவிட்டன. மிகுதியானவற்றை ஓடவிட்டு, மீதியை எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை உணர்த்தியவர் அதே கீல் நகரத்தைச் சேர்ந்த ஹான்ஸ் லோமன்.

அவருக்கு அதை உணர்த்திய ஆசான் ஒரு சிற்றுயிர். ஒயிக்கோபிளூரா என்னும் அவ்வுயிர், தன்னைச் சுற்றிச் சளிபோன்ற ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கின்றது. அந்த வீட்டினுள்ளே, எந்த நெசவாலையும் நெய்யமுடியாத நுண்ணிய வடிகள் இருக்கின்றன. அவ்வடிகளில் ஒட்டிக்கிடந்தவற்றை லோமன் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தபோது, பட்டுவலை ஒருநாளும் காட்டாத உயிர்க் கூட்டம் ஒன்று வெளிப்பட்டது. பின்னர் அவர் கடல்நீரை மையநீக்கற் பொறியிலே சுழற்றி, அதே கூட்டத்தை நேரிலும் எண்ணிக் கண்டார். 1911ஆம் ஆண்டு அவற்றிற்கு 'நன்னோபிளாந்தன்' எனப் பெயரிட்டார். குறளப் பிளாந்தன் என்று நாம் சொல்லலாம். மனிதனுடைய சல்லடையை விட ஒரு புழுவனைய உயிரின் சல்லடை நேர்த்தியானதாக இருந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே.

இதற்கு ஓராண்டு முன்னர், 1910இல், இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுகூடத்திலே அலன், நெல்சன் என்னும் இருவர், தயற்றங்கள் எனப்படும் சிலிக்கா ஓட்டுப் பாசிகளைப் போத்தல்களில் இனம்பிரித்து வளர்க்கும் வழியைக் கண்டு, அவற்றை ஊட்டிக் கடல்முள்ளியின் குடம்பிகளை வளர்த்துக்காட்டினர். ஆக, பாசியை வளர்க்கலாம், வளர்த்து ஊட்டலாம் என்பது தெரிந்தாயிற்று. எப்பாசியை எவ்வுயிர்க்கு என்பதே எஞ்சியது.

ஐரோப்பியக் கரைகளில் உண்பதற்குரிய சிப்பி அருகிக்கொண்டு வந்த காலம் அது. பெரிய தொட்டிகளிலே தாய்ச்சிப்பிகளை விட்டு, அவை ஈனும் குடம்பிகளை வளர்த்தெடுக்கப் பல இடங்களிலும் முயன்றார்கள். ஓராண்டு தொட்டி நிறையக் குஞ்சு கிடைக்கும். மறுவாண்டு அதே தொட்டி, அதே நீர், ஒன்றும் இராது. போட் எரினிலே புரூஸ், மார்ஜரி நைற், மேரி பார்க் என்னும் மூவர் இச்சிக்கலைக் கையிலெடுத்தனர். கலங்கிய தொட்டிநீரை மொத்தமாகப் பார்ப்பதை விட்டு, அதிலுள்ள பாசி ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றாகக் குடம்பிகளுக்கு ஊட்டிப் பார்ப்பது என்பது அவர்கள் வழி. பிரித்தெடுக்கும் வேலை மேரி பார்க்கினுடையது. சவுக்குமுளைகளால் நீந்தித் திரியும், பத்து மைக்கிரோனுக்குக் குறைந்த கலங்களை, நுண்குழாயால் ஒன்றொன்றாக உறிஞ்சி எடுத்துத் தூய வளர்ப்பாக்குவது எத்துணைப் பொறுமை வேண்டும் பணி என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர்.

1938ஆம் ஆண்டு, போட் எரின் மீன்குளத்து நீரிலிருந்து அவர் பிரித்த பொன்னிறப் பாசி ஒன்று, மற்றவற்றை விஞ்சி நின்றது. ஐந்தாறு மைக்கிரோன் நீளம். கலத்தைச் சுற்றித் தடித்த சுவர் இல்லை. அதனை ஊட்டிய குடம்பிகள் கொழுத்து வளர்ந்து ஓடு பற்றின. 1940இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. ஐரோப்பாவிலே போர் மூண்டுவிட்டமையால் அதனைப் படித்து வேலை செய்ய எவருக்கும் ஓய்வு இருந்திராது. போர் முடிந்தபின், 1949இல், மேரி பார்க் அப்பாசிக்கு 'ஐசோகிரைசிசு கல்பானா' என்று முறைப்படி பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் சிப்பிப் பொரிப்பகங்களிலே அப்பெயரை அறியாதார் இலர். மேரி பார்க் 1972இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இனி நாம் அத்திலாந்திக் கடலைத் தாண்டவேண்டும்.

நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டின் தென்கரையிலே, மணல்மேடுகளுக்கு உட்புறமாக நீண்ட களப்புகள் கிடக்கின்றன. நம் நாட்டுப் புத்தளம் களப்பைக் கண்டவர் அதன் தோற்றத்தை ஓரளவு மனத்திற் கொள்ளலாம். அவற்றுள் கிரேட் சவுத் குடாவிலே விளைந்த 'புளூ பொயின்ற்' சிப்பிகள் நியூயோர்க் உணவுச்சாலைகளிற் பெயர்பெற்றவை. அக்கரையோரத்துக் குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பியை நம்பி வாழ்ந்தனர். குடம்பி வளர்க்கும் ஆராய்ச்சியும் அங்கே முற்பட்டே தொடங்கிவிட்டது. 1920களிலே வில்லியம் வெல்ஸ் என்பார் பாலிலிருந்து ஆடை பிரிக்கும் பொறியைக் கொண்டு சிப்பிக் குடம்பிகளைக் கையாளும் வித்தையைக் கண்டார். அவருக்குப்பின் வந்த ஜோசப் கிளான்சி, கடல்நீரையே அப்பொறியினூடாகச் செலுத்தி, பெரிய உயிர்களையும் பெரிய பாசிகளையும் கழித்துவிட்டு, எஞ்சிய நீரைக் கண்ணாடிக் கூரையின்கீழ் வெயிலில் வைத்தார். ஓரிரு நாளில் நீர் நிறம் மாறும். அதில் விளைந்திருப்பவை பெரும்பாலும் சிறு பாசிகளே. பாசியின் பெயர் தெரியாமலே, அளவை மட்டும் கொண்டு உணவைத் தெரிந்தெடுத்த இந்தப் பால்காரர் வித்தையை, தூய வளர்ப்பு முறைகளைவிடக் குறைவாக நான் மதிக்கமாட்டேன்.

ஆனால் சிறியதெல்லாம் நல்லதன்று என்பதை அதே கரை கடுமையாகக் கற்பித்தது. அக்களப்புகளிற் கலக்கும் ஓடைகளின் ஓரத்திலே வாத்துப் பண்ணைகள் பெருகின. மொரிச்சஸ் குடாவைச் சூழ ஆண்டுதோறும் பல இலட்சக்கணக்கான வாத்துகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் எச்சம் முழுவதும் ஓடை வழியே குடாவுக்குப் போயிற்று. 1931இல் புயலொன்று திறந்துவிட்ட மொரிச்சஸ் கடல்வாய், 1951இல் மணலால் தூர்ந்துபோக, அழுக்கு வெளியேற வழியுமில்லாதாயிற்று. நீர் பச்சைப் பசேலென்று மாறியது. பாசி மிகுந்தால் சிப்பிக்கு விருந்தல்லவா என்று நாம் நினைப்போம். ஆனால் சிப்பிகளோ மெலிந்தன, தொழில் சீர்குலைந்தது. பச்சைநீரின் நடுவே பட்டினி!

வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் றைதர் இதனை ஆராய்ந்து 1954இல் விளக்கினார். அக்குடாவிலே முன்னர் இருந்த தயற்றங்களும் பிறவும் கலந்த பாசிக்கூட்டம் மறைந்து, நன்னோகுளோரிஸ், ஸ்ரைக்கோகொக்கஸ் என்னும் இரண்டு மிகச்சிறு பச்சைப் பாசிகளே நீரை நிறைத்திருந்தன. ஒவ்வொரு கலமும் இரண்டு முதல் நான்கு மைக்கிரோன் அளவினது. வாத்தெச்சத்திலிருந்து வரும் யூரிக்கமிலம், யூரியா, அமோனியா முதலிய நைதரசன் வடிவங்களை அவை எளிதிற் பயன்படுத்தின. எச்சத்திலே பொசுபரசு மிகுந்து நைதரசன் குறைந்திருந்த விகிதமும் அவற்றிற்கே வாய்ப்பாக அமைந்தது. ஆகவே உரம் பெருகப் பெருக, உண்ணத்தகாத பயிரே விளைந்தது. வயலிலே நெல்லுக்கு இட்ட எருவைக் கோரை தின்ற கதை என்று நம் கமக்காரர் இதனை உடனே விளங்கிக்கொள்வர்.

அளவின் குறை ஒன்று. கலச்சுவரின் தடிப்பு மற்றொன்று. கழிவுப்பொருளின் நச்சுத்தன்மை இன்னொன்று. இம்மூன்றையும் பிரித்துக் காட்டியவை கொனெற்றிக்கட் மாநிலத்து மில்போட் ஆய்வுகூடத்தின் சோதனைகள். அங்கே விக்டர் லூசனொவின் கீழ்ப் பணிபுரிந்த ஹரி டேவிஸ், றொபேட் கில்லாட்டுடன் சேர்ந்து, பத்துச் சாதி நுண்ணுயிர்களை அமெரிக்கச் சிப்பியின் குடம்பிக்கும் மட்டியின் குடம்பிக்கும் ஊட்டிப் பார்த்து 1958இல் முடிபு வெளியிட்டார். சுவரில்லாத சவுக்குமுளைப் பாசிகளே முன்னின்றன. அவற்றுள் ஐசோகிரைசிசு தலையானது. குளோரெல்லா அளவிற் பொருத்தமாயிருந்தும், இளஞ்சிப்பிக் குடம்பிக்கு அதன் தடித்த சுவரை உடைக்க இயலவில்லை; மட்டிக் குடம்பியோ அதனை ஓரளவு சீரணித்துக்கொண்டது. ஸ்ரைக்கோகொக்கஸ் நன்மை தராதது மட்டுமன்றித் தீங்கும் தந்தது. பிரித்தானியாவிலே பீற்றர் வோல்ன் 1963இல் ஏழு பாசிகளை ஐரோப்பியச் சிப்பிக் குடம்பிகளுக்கு ஊட்டிப் பார்த்தபோதும் குளோரெல்லா பின்தங்கியே நின்றது. வாய்க்குள் நுழைவது வேறு, வயிற்றிற் செரிப்பது வேறு.

இவ்விடத்தில் ஒரு விந்தை. வாத்தெச்சத்தால் கெட்டுப்போன அதே மொரிச்சஸ் குடாவிலிருந்து, அதே 1958இல், கில்லாட் ஒரு சிறு தயற்றத்தைப் பிரித்தெடுத்தார். நான்கு முதல் ஆறு மைக்கிரோன் அளவுள்ள அதற்குக் குறியீடு '3எச்'. இன்று அதன் பெயர் தலாசியோசைரா சூடோனானா. அதுவே பின்னாளிற் பொரிப்பகங்களின் நம்பிக்கையான உணவுகளுள் ஒன்றாயிற்று. 2004இல் தயற்றங்களுள் முதன்முதலாக முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட பெருமையும் அதற்கே. அவற்றை வளர்ப்பதற்கென்று கில்லாட்டும் றைதரும் 1962இல் வகுத்த ஊட்டக்கரைசல், சிறு திருத்தங்களோடு இன்றும் உலகெங்கும் கலக்கப்படுகின்றது.

லோங் ஐலண்டின் துயர் அத்துடன் தீரவில்லை. 1985ஆம் ஆண்டு கோடையிலே, இரண்டு மைக்கிரோன் அளவினதாகிய ஔரியோகொக்கஸ் என்னும் பாசி நீரைப் பழுப்பாக்கிப் பரவியது. பெக்கோனிக் களப்பின் விசிறிச்சிப்பித் தொழில் அதனால் அழிந்தது. அவ்வாண்டின் சிப்பிக் குடம்பிகளும் பிழைக்கவில்லை.

மேற்றிசையில் சிப்பியே பேச்சாயிருக்க, யப்பானிலே இறாலும் மீனும் பேச்சாயின. மோட்டோசாக்கு பூஜினாகா 1930களிலே குருமா இறாலைச் சிறையில் முட்டையிடச் செய்தார். முட்டையிலிருந்து வெளிவரும் இறாற்குடம்பி முதலிரு நாட்கள் தன் மஞ்சட்கருவையே உண்டு வாழும். அதன்பின் உருமாறி வாய்திறக்கும்போது உணவில்லையெனின் மடியும். ஸ்கெலற்றோனீமா என்னும் தயற்றத்தை ஊட்டி அந்தக் கண்டத்தை அவர் தாண்டினார். 1942இல் அதன் முழு வரலாற்றையும் எழுதினார். இத்தயற்றத்தின் கலங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக நிற்பவை. சிப்பிக் குடம்பிக்கு அது விழுங்கமுடியாத கயிறு; மயிரடர்ந்த கால்களால் வாரி எடுத்துத் தின்னும் இறாற்குடம்பிக்கோ நல்ல பிடிமானமுள்ள கவளம். ஒரே பாசி ஒருவருக்கு முள், ஒருவருக்கு அமுது. 1980களிலிருந்து நம் நாட்டின் வடமேல் கரையில் எழுந்த இறாற் பொரிப்பகங்களும் இவ்வகைத் தயற்றத் தொட்டிகளை நம்பியவையே.

மீன்குஞ்சின் சிக்கல் இதனிலும் சுற்றுவழியானது. கடல்மீனின் குஞ்சு பெரும்பாலும் பாசியைத் தின்று வளர்வதில்லை. பாசியைத் தின்ற சிறு விலங்கையே நாடும். 1939இல் நோர்வே நாட்டு ரொலெப்சன், ஆட்டீமியா என்னும் உப்பளத்துச் சிற்றிறாலின் குடம்பிகளைத் தட்டைமீன் குஞ்சுக்கு ஊட்டலாமென்று காட்டினார். ஆனால் அதன் குடம்பியே அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவானது. பிறந்து மூன்றே நாளான பல மீன்குஞ்சுகளின் வாய் அதற்குக் கொள்ளாது. பாசிக்கும் ஆட்டீமியாவுக்கும் இடையே ஒரு படி வேண்டியிருந்தது.

அந்தப் படி கிடைத்த இடம் விலாங்குக் குளம். யப்பானிய விலாங்குக் குளங்களிலே நீர் பச்சையாயிருத்தல் வேண்டும். பகலில் அப்பாசியே விலாங்குக்கு ஒட்சிசன் அளிப்பது. சில வேளைகளில் திடீரென்று பச்சை மறைந்து நீர் தெளியும், ஒட்சிசன் குறையும், விலாங்குகள் நீர்மட்டத்துக்கு வந்து திணறும். பண்ணைக்காரர் இதனை 'மிசுகவாரி', அதாவது நீர்மாற்றம், என்று அஞ்சினர். மியே மாநிலத்துப் பேராசிரியர் தக்காஷி இட்டோ ஆராய்ந்தபோது, குற்றவாளி பிராக்கியோனஸ் பிளிக்காற்றிலிஸ் என்னும் றொட்டிபர் எனக் கண்டார். தென்மார்க்கு நாட்டு மியூலரின் நூல் 1786இல் பெயரிட்டுக் குறித்த சிற்றுயிர் அது. தலையிலே சுழலும் மயிர்வளையத்தால் நீரை இழுத்து, பாசியை உள்வாங்கி, தாடையால் அரைத்து விழுங்குவது. ஒருசில நாளில் ஒரு குளத்துப் பாசியை முழுவதும் தின்று தீர்க்கவல்ல உயிர், ஒருசில நாளில் தானும் அவ்வளவு பெருகவல்லது என்பதல்லவா பொருள்? விலாங்குக் குளத்தின் பகைவனை இட்டோ கடல்நீரிலே வளர்த்து, 1960இல் அவ்வளர்ப்பு முறையை வெளியிட்டார். அதிலிருந்தே யப்பானின் செங்கடல்மீன் குஞ்சு வளர்ப்பு பெருந்தொழிலாய் வளர்ந்தது.

இப்போது அளவுக் கணக்கு இரட்டிப்பாயிற்று; பாசி றொட்டிபரின் வாய்க்கும், றொட்டிபர் மீன்குஞ்சின் வாய்க்கும் பொருந்தவேண்டும். றொட்டிபரிலே பெரியது, சிறியது என இரு வகைகளை வளர்ப்போர் கண்டனர். பெரியதன் ஓடு சராசரி 239 மைக்கிரோன், சிறியது 160. இவை ஒரே இனத்தின் வேறுபாடுகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டுப் பின்னர் வெவ்வேறு இனங்களெனத் தெளிவாயிற்று. களவா போன்ற சிறுவாய் மீன்களின் குஞ்சுக்குச் சிறிய வகையே உகந்தது. றொட்டிபரைப் பெருக்க யப்பானியர் கையாண்ட பாசியைக் 'கடற் குளோரெல்லா' என்று வழங்கினர். அது குளோரெல்லாவே அன்று, நன்னோகுளோரொப்சிஸ் என்பது 1986இல் நிறுவப்பட்டது. இரண்டு முதல் நான்கு மைக்கிரோன் கொண்ட இது, சிப்பிகளைப் பட்டினி போட்ட பாசிகளின் அளவினதே. ஆயின் றொட்டிபரின் மயிர்வளையம் அதனைத் தப்பவிடாது பிடிக்கின்றது. தாடை அதன் சுவரையும் நொறுக்குகின்றது. ஒருவருக்குப் பதராயிருந்தது மற்றவருக்கு மணியாயிற்று.

அளவு ஒன்றே போதுமென்றால் அப்பம் செய்வோர் பயன்படுத்தும் மதுவமும் போதுமே என்று எண்ணினார்கள். ஐந்தாறு மைக்கிரோன், மலிவானது, வேண்டியபோது கடையிற் கிடைப்பது. 1967இல் ஹிராட்டா, மோரி என்போர் மதுவத்தால் றொட்டிபரைப் பெருக்கிக் காட்டினர். றொட்டிபர்கள் மலைமலையாய்ப் பெருகின. அவற்றைத் தின்ற மீன்குஞ்சுகளோ வயிறு நிறைந்தும் மாண்டன. தொட்டியடியில் அவை வெள்ளையாய்ப் படிந்து கிடப்பதைக் கண்ட பண்ணைக்காரருக்கு, எண்ணிக்கைக் கணக்கு எவ்வளவு சரியாயிருந்தென்ன? கடல்மீனுக்கு இன்றியமையாத நீள்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் மதுவத்தில் இல்லை, நன்னோகுளோரொப்சிஸிலே உண்டு. தக்கேஷி வத்தனபேயும் அவர் தோழரும் 1970களிலும் 1980களிலும் இதனைப் படிப்படியாக நிறுவினர். என் மட்டில், இந்த ஆராய்ச்சித் துறையின் மிகப்பெரிய தவறு அளவை அறியாதிருந்தது அன்று. அளவை அறிந்தபின் அதுவே எல்லாம் என்று சிலகாலம் நம்பியதுதான்.

விலங்கு எவ்வாறு தின்கிறது என்பதைப் பற்றிய கருத்தும் இதற்கிடையில் மாறிற்று. நன்னீர்த் தெள்ளுப்பூச்சியாகிய டாப்னியா போன்றவற்றிலே சல்லடைக் கணக்கு ஓரளவு பொருந்துகின்றது. கரொலின் பேர்ண்ஸ் 1968இல் பல்வேறு பருமனுள்ள பிளாஸ்ரிக் மணிகளை அவற்றிற்கு ஊட்டி, உடல் நீளத்தோடு விழுங்கத்தக்க மணியின் அளவும் நேர்கோட்டிலே வளர்வதைக் கண்டார்; ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ளது ஏறக்குறைய 27 மைக்கிரோன் மணியை விழுங்கும். கடலின் துடுப்புக்காலிகளும் வாயருகே உள்ள மயிர்ச்சீப்பால் நீரை வடித்தே உண்கின்றன என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. புரூஸ் புறொஸ்ற் 1972இல் 11 முதல் 87 மைக்கிரோன் வரையுள்ள தயற்றங்களைக் கலானஸ் என்னும் துடுப்புக்காலிக்கு ஊட்டி, கலம் பெரிதாகுந்தோறும் அது குறைந்த செறிவிலேயே வயிறு நிறையத் தின்பதைக் காட்டினார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்ற்றிக்லரும் கோலும் பிறரும் அதிவேகப் படச்சுருளில் அதனைப் படம்பிடித்தபோது, சல்லடை என்ற எண்ணமே ஆட்டங்கண்டது. அத்துணைச் சிறிய உடலுக்கு நீர் தேன்பாகு போலத் தடிப்பானது; மயிர்களின் இடையே அது எளிதில் வடியாது. துடுப்புக்காலி தன் கைகளை விரித்து, பாசியோடு சேர்ந்த நீர்த்துளியையே அப்படியே பற்றி அருகிழுத்துக்கொள்கின்றது. சில கலங்களை வாயருகே கொண்டுபோய்த் தள்ளிவிடுவதும் உண்டு. விருந்தில் அமர்ந்த பெரியவர் இலையில் வேண்டாததை ஓரத்தில் ஒதுக்குவதைப் போன்ற காட்சி அது.

டென்மார்க்கு ஆராய்ச்சியாளர் மூவர் 1994இல் அதுவரை வெளிவந்த அளவீடுகளையெல்லாம் தொகுத்தனர். துடுப்புக்காலியும் றொட்டிபரும் சராசரியாகத் தம் பருமனில் பதினெட்டில் ஒரு பங்கான இரையை நாடுகின்றன. டாப்னியா வகையும் சிப்பிக் குடம்பி போன்றனவும் ஐம்பதில் ஒரு பங்கை நாடுகின்றன. இவை சராசரிகளே. எனினும், பொரிப்பகத் தொட்டியிலே ஒரே பருமனுள்ள இரண்டு உயிர்களுக்கு இரு வேறு பாசிகள் வேண்டியிருப்பதன் காரணம் இவ்வெண்களிலே தெரிகின்றது.

மன்னாருக்கு மீள்வோம். ஹேட்மன் வந்துபோன பின்னர் 1906இல் நம் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. மறுவாண்டுக் குளிப்போடு சிப்பி அற்றுப்போக, கம்பனியும் கலைந்தது. பார்களின் நிலை அவ்வாறே கழிந்தது. குடாவின் அக்கரையிலே, தூத்துக்குடியில், இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமியும் அவருடன் பணிபுரிந்தோரும் 1973இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். ஆயினும் முத்து விளைவிக்கச் சிப்பி வேண்டும்; கடலிற் சிப்பி கிடைப்பதோ பார்களின் மனம்போல. ஆகவே சிப்பியையே பொரிப்பிக்க முயன்று, 1981இல் வென்றனர்.

முட்டை கருவுற்று ஏறக்குறைய ஒரு நாளில் அந்த முத்துச்சிப்பிக் குடம்பி எழுபது மைக்கிரோன் அளவுக்கு வளர்ந்து, ஆங்கில எழுத்து 'டி' போன்ற ஓட்டோடு நீந்தத் தொடங்குகின்றது. நம் தலைமயிரின் தடிப்பே அதன் முழு உடலும். அதன் வாய்க்கு அவர்கள் ஊட்டியது, போட் எரின் மீன்குளத்திலிருந்து மேரி பார்க் பிரித்துப் பெயரிட்ட அதே இனத்துப் பாசி. கண்ணாடிக் குடுவைகளிலே பொன்னிறமாய் வளர்ந்த ஐசோகிரைசிசைத் தின்று, மூன்று வாரங்களுக்கு மேல் நீந்தித் திரிந்த பின்னர், அக்குடம்பிகள் தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் நூல்விட்டுப் பற்றிக்கொண்டன.